நூற்றுப் பன்னிரண்டாவது வரி

கிராஸ் ஸ்டிச் போடுகிறவர்கள் கடையிலிருந்து வந்த பேட்டர்ன் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு தைக்கக் கூடாது. வந்த அன்றே அதை ஃபோட்டோஸ்டாட் எடுத்துவிட வேண்டும். ஒரிஜினல் அலமாரிக்கு, நகல் கைக்கு. இதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. ஆனாலும் நம் ஸ்ரீவராகம் தெருவில் ஊசி பிடிக்கிற பதினாறு பெண்களில் இதைச் செய்கிறவள் நான் ஒருத்திதான். மற்றவர்கள் பேட்டர்னை எட்டாக மடித்துக் கைப்பைக்குள் திணிப்பார்கள். மடிப்பு விழுந்த இடத்தில் கட்டங்கள் தேய்ந்துபோகும். பிறகு மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி, இது புள்ளியா சுழியா என்று யாரையாவது கேட்பார்கள். அந்த யாராவது எப்போதும் நான்தான்.

ஸ்மிதா, போன ஞாயிற்றுக்கிழமை என் கூடத்தில் நின்றுகொண்டு நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "எல்லாத்தையும் எழுதிக் குடுங்கோ சித்தி. வாயால சொன்னா அப்புறம் மாத்திச் சொல்லுவேள்" என்றாய். முப்பத்தோரு வருஷம் சர்க்கார் ரெக்கார்டு அறையில் ஃபைல் காத்தவளிடம் பேசுகிற பேச்சா அது. போகட்டும், எனக்குக் கோபம் இல்லை. உன் அப்பா போனபோது நீ ஏழாம் கிளாஸ். அந்த வருஷம் முழுக்க உனக்குத் தலைபின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள் நான். உன் மேல் எனக்கு என்ன கோபம் வரும், குழந்தே. நீ கேட்டதை எழுதுகிறேன். காகிதத்திலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் காகிதத்தின் அருமை தெரியாதவர்களுக்கு மற்றது புரியாது.

பேட்டர்ன் என்பது கட்டம் போட்ட தாள். கட்டத்துக்கு ஒரு குறி, குறிக்கு ஒரு நிறம். தாளில் ஒரு கட்டம் என்றால் துணியில் ஒரு சின்னப் பெருக்கல் குறி. மேலிருந்து கீழே வரிவரியாகப் போட்டுக்கொண்டு வர வேண்டும். எந்த வரியில் நிற்கிறோம் என்பது பிசகினால் படம் பிசகிவிடும். அதனால் முடித்த வரியை அவ்வப்போது தாளில் அடையாளம் செய்துகொள்ள வேண்டும்.

இந்த ஊர் ஈரம் காகிதத்தை என்ன பாடு படுத்தும் என்று உனக்குத் தெரியாது, உங்கள் கழக்கூட்டத்து ஃபிளாட்டில் ஏசி இருக்கிறது. இங்கே இடவப்பாதி மழை தொடங்கினால் தாள் அப்பளம் மாதிரி நமுத்துப்போகும். மழை விட்டால் ராமபாணப் பூச்சி வரும். என் இரும்பு அலமாரியில் முப்பத்தெட்டு பேட்டர்ன்கள் முப்பத்தெட்டு ஃபைலில் இருக்கின்றன. முதுகில் நம்பர், உள்ளே நூல் நிறங்களின் பட்டியல், மருந்துப் புட்டியில் வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலம் ஒன்று. கையில் வைத்துத் தைக்கிற நகலைக்கூட வெறும் தாளாக விடமாட்டேன். பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, உறையின் மேல்தான் மஞ்சள் மார்க்கரால் அடையாளம் செய்வேன். ஈரத் துணியால் துடைத்தால் மஞ்சள் போய்விடும், தாள் புதுக்கருக்கு அழியாமல் இருக்கும். இந்த ஒரு வசதியை மனசில் வைத்துக்கொண்டு மேலே படி.

உன் அம்மா தைக்கிற லட்சணம் உனக்கே தெரியும். பெற்றவளைச் சொல்கிறேன் என்று வருத்தப்படாதே. வாலாம்பாள் மன்னி இந்த வீட்டுக்கு மூத்த மருமகளாக வந்தவள், நான் இளையவள். நாற்பத்திரண்டு வருஷமாக ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிறோம். அவள் பேட்டர்னின் மேல் காபி டம்ளரை வைப்பாள். வட்டம் வட்டமாகக் கறை விழும். முனை மழுங்கின பென்சிலால் தாளிலேயே கோடு கிழிப்பாள், ஊசியைத் தாளிலேயே குத்தி வைப்பாள். எந்தப் பக்கத்தையும் எந்தப் பக்கத்தோடும் சேர்த்து வைக்கமாட்டாள். ஒருதடவை ஒரு பேட்டர்னின் மூன்றாம் தாள் புளி ஜாடிக்கு மூடியாக இருந்ததை நான் பார்த்தேன். கேட்டதற்கு, "அது ஆகாசம்தானேடீ சூடாமணி, எல்லாம் நீலம். எனக்குத் தெரியாதா" என்றாள்.

அவள் துணியின் பின்பக்கத்தைப் பார்க்கச் சகிக்காது. முடிச்சும் பிசிறும், ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு எகிறின நூலும், காக்காய்க்கூடு தோற்றுப்போகும். என் துணியின் பின்பக்கத்தைப் பார்த்தால் எது முன், எது பின் என்று ஒரு நிமிஷம் யோசிப்பார்கள். ஆனால் நம் தெருக்காரர்களுக்குப் பின்பக்கம் பார்க்கிற பழக்கம் இல்லை. முன்னால் நின்று பார்ப்பார்கள், "வாலாம்பாள் போட்ட கிளி பறந்துடும் போல இருக்கே" என்பார்கள், காபி குடித்துவிட்டுப் போவார்கள்.

பத்மநாபன் அனந்தன் மேல் பள்ளிகொண்ட பேட்டர்னை நான் பெங்களூரிலிருந்து தபாலில் வரவழைத்தேன். எட்டுத் தாள். இரண்டிரண்டாகப் பக்கத்தில் வைத்தால் இருநூற்று நாற்பது வரி, எழுபத்தோரு நிறம். முப்பத்தெட்டாம் ஃபைல். ஐந்து வருஷம் அதைத் தொடவில்லை. நல்ல காரியத்துக்கு நல்ல வேளை வரட்டும் என்று வைத்திருந்தேன். ஒரு வருஷத்துக்கு முன்னால் பஜனை மடத்தைப் புதுப்பித்தார்கள். நடுச்சுவரில் மாட்ட ஒரு தையல் படம் வேண்டும், வருகிறதை விட்டு அதற்கடுத்த ஸ்ரீராம நவமிக்குள் ஆக வேண்டும் என்று கூட்டம் போட்டார்கள். என்னிடம் பேட்டர்ன் இருக்கிறது என்று நான்தான் வாயைத் திறந்து சொன்னேன். மடத்துக் காரியதரிசி பட்டாபி இருக்கிறாரே, ஊசியில் நூல் கோக்கத் தெரியாத மனுஷன், அவர் சொன்னார்: "நன்னாப் போச்சு. பேட்டர்ன் சூடாமணி கிட்ட பத்திரமா இருந்துக்கட்டும். தையல் வாலாம்பாள் போடட்டும். ஓரோருத்தருக்கு ஓரோண்ணு, அல்லே?"

எல்லோரும் சிரித்தார்கள். உன் அம்மாவும் சிரித்தாள். கெட்ட எண்ணத்தோடு சிரிக்கவில்லை, அவளுக்கு எதற்கும் சிரிப்பு வரும்.

நான் பொறாமைப்பட்டேன் என்று நீ நினைக்கலாம். நம்மிடம் இல்லாதது இன்னொருவரிடம் இருந்தால் அல்லவா பொறாமை. அவளிடம் என்ன இருந்தது. காபிக் கறையும் மொட்டைப் பென்சிலும்தான். எனக்கு இருந்தது காகிதத்தைப் பற்றின கவலை மட்டும். ஐந்து வருஷம் தூசி படாமல் வைத்திருந்ததை ஐந்து நாளில் புளி ஜாடிக்கு மூடியாக்கிவிடுவாளே என்று. அதனால் ஒரு ஏற்பாடு சொன்னேன். நீயும் ஃபோனில் கேட்டுவிட்டு, நல்ல யோசனை சித்தி என்றாய். நகலை உறையில் போட்டு அட்டையில் கிளிப் செய்து தினம் காலையில் கொடுப்பேன். அவள் முடித்த வரிகளை உறையின் மேல் மஞ்சள் அடித்து, விளக்கேற்றுகிற நேரத்துக்கு என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். துணி அவளிடம் இருக்கும், காகிதம் என் அலமாரியில். சாவி என் இடுப்பில்.

தையில் ஆரம்பித்தாள். முதல் இரண்டு மாசம் ஒன்றும் இல்லை. பங்குனியில் ஒரு சாயங்காலம் அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்போது உறையின் மேல் சாம்பார் பொட்டு. ஈரத் துணியால் துடைத்தேன். பொட்டோடு கூட நாற்பதாம் வரியின் மஞ்சளும் போய்விட்டது. அது தற்செயல். அதற்கு நான் பொறுப்பில்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். திரும்ப மஞ்சள் அடித்துவிடலாம் என்று மார்க்கரைத் தேடினேன். அப்புறம் தேடவில்லை.

மறுநாள் அவள் நாற்பதாம் வரிக்குக் கீழே மறுபடி நாற்பதாம் வரியைப் போட்டாள். அனந்தனின் மூன்றாவது தலையில் ஓரம் படிக்கட்டு மாதிரி நின்றது. மத்தியானம் துணியைத் தூக்கிக்கொண்டு வந்து காட்டினாள். வேறு யாராக இருந்தாலும், உறையில் ஏன் மஞ்சள் இல்லை என்று என்னை ஒரு கேள்வி கேட்டிருப்பார்கள். அவள் கேட்கவில்லை. "பாருடீ சூடா, நேத்திக்கு இந்த வரியை முடிச்சேன்னு ஓர்மையே இல்லை" என்று தன் தலையில் செல்லமாகத் தட்டிக்கொண்டு சிரித்தாள். உட்கார்ந்து ஒரு நாள் முழுக்கப் பிரித்தாள்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று தெரிந்தது. நாற்பத்திரண்டு வருஷம் காகிதத்தைக் காலில் போட்டு மிதித்தவள், என் கையிலிருந்து வாங்கின காகிதத்தைத் தன் கண்ணை விட அதிகமாக நம்புகிறாள். அழுக்குப் பென்சிலால் தாளிலேயே கிழித்திருந்தால் யாரும் அதை அழித்திருக்க முடியாது. பார், அந்த ஒரு விஷயத்தில் அவள் வழக்கம் சரியாக இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு நடந்தது தற்செயல் இல்லை. மாசத்துக்கு இரண்டு தடவை, சில மாசம் மூன்று. அதற்கு மேல் போனதில்லை. எதிலும் ஒரு நிதானம் வேண்டும். சில நாள் ஒரு வரியைத் துடைத்தேன், அவள் போட்டதையே திரும்பப் போட்டாள். சில நாள் ஒரு வரிக்கு நானே மஞ்சள் அடித்தேன், அவள் அதைத் தாண்டிப் போனாள். அடிக்கும்போது அவள் கை மாதிரியே, கட்டத்துக்கு வெளியே கொஞ்சம் வழிய விட்டு அடிப்பேன். எனக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது, ஒழுங்கில்லாமல் ஒரு வேலையைச் செய்வது.

அவள் உடம்பில் நான் ஒரு கீறல் போடவில்லை. ஒரு மார்க்கர் பேனா, ஒரு ஈரத் துணி, அவ்வளவுதான். பிரிப்பதும் தைப்பதும் அவளே. அழுதது அவளே. வைகாசியில் அவள் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள். கேஸை அணைத்தேனா என்று நாலு தடவை உள்ளே போய்ப் பார்த்தாள். வரியை நம்ப முடியாதவள் கேஸை எப்படி நம்புவாள். நான்தான் சொன்னேன், மன்னி, தனியா அடுப்புப் பத்தவெக்க வேண்டாம், நானே சமைச்சுத் தரேன் என்று. ரெண்டு வேளையும் சுடச்சுடக் கொண்டுபோய் வைத்தேன். தெருவில் எல்லோரும் என்னைப் பற்றிப் பெருமையாகப் பேசினார்கள். பிறகு கோயிலுக்குத் தனியாகப் போவதை விட்டாள், வடக்கே நடைவாசல் எது, கிழக்கே நடைவாசல் எது என்று குழம்பிவிடுமோ என்று பயந்து. ஒருநாளும் அவள் குழம்பியதில்லை. பயம்தான்.

ஆனால் உன் அம்மா நான் நினைத்ததை விடக் கெட்டிக்காரி. அதையும் எழுதத்தான் வேண்டும். ஆனியில் எப்போதோ, எனக்குச் சொல்லாமல், துணியில் அதுவரை இருந்த வரிகளை எண்ணி ஒரு சிவப்பு நூலில் அத்தனை முடிச்சுப் போட்டிருக்கிறாள். அப்புறம் ஒரு வரி முடித்தால் ஒரு முடிச்சு. நூலைப் பிஸ்கட் டப்பாவில் வைத்திருந்தாள்.

ஆடி பிறந்து கர்க்கடகத்து மழை ஊற்றின ஒரு மத்தியானம் அந்த நூலும் துணியும் அட்டையுமாக வந்தாள். புடவைத் தலைப்பு நனைந்திருந்தது, துணி நனையவில்லை, வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்திருக்கிறாள். முந்தின சாயங்காலம் நான் இரண்டு வரிக்கு மஞ்சள் அடித்திருந்தேன். இரண்டு வரி அதுவரை அடித்ததில்லை. நூல் இருப்பது தெரிந்திருந்தால் அடித்திருக்கமாட்டேன்.

"சூடா, இந்த நூல்ல நூத்திப்பன்னெண்டு முடிச்சு. உன் பேப்பர்ல நூத்திப்பதினாலு வரி அடிச்சிருக்கு. துணியை மூணு வட்டம் எண்ணிட்டேன். எனக்கு என் எண்ணிக்கை மேல நம்பிக்கையே இல்லை. நீ எண்ணிச் சொல்லேண்டீ."

குண்டூசியை எடுத்து வரிக்கு வரி வைத்து எண்ணினேன். அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள், பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்த பெண் மாதிரி. மழை சத்தம். நான் அவசரப்படவில்லை. இரண்டு தடவை எண்ணினேன், வேலையில் எனக்குச் சுத்தம் முக்கியம்.

நூற்றுப் பன்னிரண்டு இருந்தது. நூற்றுப் பதினான்கு என்று சொன்னேன்.

"பேப்பர்தான் சரி, மன்னி" என்றேன்.

கொஞ்ச நேரம் நூலைக் கையில் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். "அப்போ ரெண்டு முடிச்சு நான் போட்டிருக்கணும், இல்லையா" என்றாள். போடவில்லை. அந்த இரண்டையும் சேர்க்காமலே நூலைச் சுருட்டி டப்பாவில் வைத்தாள். ஊசியைத் துணியில் குத்தினாள். அதற்குப் பிறகு அந்த ஊசியை அவள் எடுக்கவில்லை.

மற்றது உனக்குத் தெரியும். அன்று சாயங்காலமே உனக்கு ஃபோன் செய்து அழுதாள். ஆவணியில் நீ லீவு போட்டு வந்து டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாய், நானும் துணைக்கு வந்தேன். கடிகாரம் வரையச் சொன்னார். நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். ஒவ்வொரு பதிலுக்கும் முன்னால் அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். டாக்டர் அதைப் பார்த்தாரோ என்னவோ. அரைமணி நேரத்தில் ஒரு மனுஷியைப் படித்துவிடலாம் என்று நினைக்கிறவர்களைப் பற்றி நான் என்ன சொல்வது. வீட்டில் நடந்த ஒரு சம்பவம் சொல்லுங்கள் என்று உன்னைக் கேட்டார். நீ தையல் வரி விஷயத்தைச் சொன்னாய். அவர் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டார், நூற்றுப் பதினான்கை நூற்றுப் பன்னிரண்டு என்று எண்ணினார் என. மாத்திரை கொடுத்தார். மாத்திரை அவளைத் தூங்கவைத்தது, தூக்கம் அவளை இன்னும் மந்தமாக்கியது. புரட்டாசியில் நீ அவளை உன் ஃபிளாட்டுக்குக் கொண்டுபோனாய். காரில் ஏறும்போது, "சூடா, பேப்பரையெல்லாம் பாத்துக்கோடீ" என்றாள்.

பார்த்துக்கொண்டேன். பட்டாபி வந்து, படம் பாதியில் நிற்கிறதே, யார் முடிப்பது என்று கையைப் பிசைந்தார். மற்றவர்களுக்கு அவ்வளவு பெரிய வேலைக்குத் தைரியம் இல்லை. நான் முடிக்கிறேன் என்றேன். உங்கள் போர்ஷன் சாவியை எடுத்து, துணியையும் டப்பாவையும் கொண்டுவந்தேன். டப்பாவில் அந்தச் சிவப்பு நூல் இருந்தது. அதை எறியவில்லை. நான் எதையும் எறிகிறவள் அல்ல. ஆனால் அது ஒரு பதிவு என்று எனக்குத் தோன்றவும் இல்லை. முப்பத்தோரு வருஷத்தில் முடிச்சுப் போட்ட நூலை யாரும் ரெக்கார்டு அறைக்கு அனுப்பியதில்லை.

உறையைத் துடைத்தேன். நூற்றுப் பன்னிரண்டு வரிக்குச் சுத்தமாக மஞ்சள் அடித்தேன். நூற்றுப் பதிமூன்றிலிருந்து தைக்க ஆரம்பித்தேன்.

மார்கழியில் ஒருநாள் பட்டாபி வந்து பார்த்தார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு துணியின் முன்னால் நின்றார். பகவானின் மார்புக்குக் கொஞ்சம் கீழே விரலை வைத்து, "இங்கேர்ந்து வேற கையாக்கும், இல்லையா?" என்றார். அவ்வளவு தெளிவாகத் தெரிகிறது வித்தியாசம், பின்பக்கம் பார்க்காத மனுஷனுக்கே.

போன ஞாயிறு நீ அம்மாவின் ஸ்வெட்டரை எடுக்க வந்தாய். என் கூடத்தில் வளையத்தில் மாட்டியிருந்த துணியைப் பார்த்தாய். யாரும் செய்யாததை நீ செய்தாய், அதைத் திருப்பினாய். நீ வாலாம்பாள் பெண்ணாக இருந்தாலும் நான் தலைபின்னி வளர்த்தவள் அல்லவா. மேலே காக்காய்க்கூடு. ஒரு வரியில் அது சட்டென்று நின்று, அதற்குக் கீழே பலகை மாதிரி வழவழப்பு. அந்தக் கூடு எத்தனை வரி என்று குண்டூசி வைத்து எண்ணினாய். டப்பாவைத் திறந்து நூலை எடுத்து முடிச்சுகளை எண்ணினாய். பிறகு ஃபோனில் டாக்டர் சீட்டின் படத்தைத் திறந்து பார்த்தாய். நான் அதுவரை உனக்குக் காபி கலந்துகொண்டிருந்தேன்.

"அம்மா நூத்திப்பதினாலு போட்டான்னு நீங்கதானே எண்ணிச் சொன்னேள். அப்புறம் நீங்க ஏன் சித்தி நூத்திப்பதிமூணுலேர்ந்து ஆரம்பிச்சேள்?"

அதுதான் கேள்வி. நீ எதிர்பார்த்த பதில் வேறாக இருக்கும். உண்மையான பதில் இதுதான்: தப்பான வரியில் தைக்க என்னால் முடியாது. யோசித்துப் பார்த்தேன். இரண்டு வரியை விட்டுவிட்டு நூற்றுப் பதினைந்தாம் வரியை அங்கே போட்டிருந்தால் ஒருவருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. பகவானின் பூணூல் இரண்டு கட்டம் விலகியிருக்கும், பட்டாபிக்கா தெரியப்போகிறது. ஆனால் ஊசி போகவில்லை. வாழ்க்கையில் ஒரு பேட்டர்னுக்கு நான் துரோகம் செய்ததில்லை.

நீ காபி குடிக்கவில்லை. எழுதிக் கொடுங்கள் என்றாய், துணியைக் கேட்டாய், கொடுத்தேன். அது மடத்துச் சொத்து என்பதை ஞாபகப்படுத்துகிறேன். ஸ்ரீராம நவமிக்கு இன்னும் நாள் இருக்கிறது. சுருட்டி வை, மடிக்காதே.

இந்தத் தாள்களையும் உறையில் போட்டிருக்கிறேன். உன்னிடம் வருவது நகல். ஒரிஜினல் என் அலமாரியில், முப்பத்தொன்பதாம் ஃபைலில் இருக்கிறது. நீ போலீஸுக்குக் கொடுத்தாலும் சரி, கிழித்துப்போட்டாலும் சரி, அது அங்கே பத்திரமாக இருக்கும்.

அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டுவாய் என்று எனக்குத் தெரியும். உன் தலையில் ஒன்றும் இல்லை அம்மா, நூல்தான் சரி, நீ எண்ணினதுதான் சரி என்று சொல்லுவாய். சொல்லு. மெதுவாகப் படி, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு படி. அந்தக் கை ரொம்ப நாளாக ஊசியில்லாமல் மடியில் கிடக்கிறது என்று கேள்விப்பட்டேன், எனக்கும் மனசு கேட்கவில்லை. முடித்ததும் புரிந்தது என்று தலையாட்டுவாள். ஒருவேளை சிரிக்கவும் சிரிப்பாள். அதைப் பார்த்து நீ ஏமாந்துவிடாதே, குழந்தே. சாயங்காலத்துக்குள் எல்லாம் மறந்துவிடுவாள். அவளுக்கு ஓர்மை கிடையாது, பாவம். டாக்டர் சீட்டை எடுத்துப் பார், எழுதியிருக்கிறது.